வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுமை, புறக்கணிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும், சில நேரம் பெரியவர்களேயும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியவை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 என்ற நீண்ட பெயரை ‘2007 சட்டம்’ என்று சுருக்கியிருக்கிறோம்.

1. அண்ணன் வீட்டுல அம்மாவ அடிக்கல்லாம் இல்ல, எப்பவும் திட்டிக்கிட்டே இருக்காங்க. இதுவும் கொடுமைதானா?

ஆமாம். அடிப்பது மட்டும் கொடுமை இல்லை. ஓயாத வசவு, ‘முதியோர் இல்லத்துல விட்டுடுவேன்’ என்ற மிரட்டல், பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதது, போனைப் பிடுங்கி வைப்பது, பென்ஷன் பணத்தை எடுத்துக்கொள்வது எல்லாமே இதில் சேரும்.

அதிகம் கண்ணில் படாமல் போவது புறக்கணிப்பு. உடைந்த கண்ணாடியை மாதக்கணக்கில் மாற்றித் தராதது, சர்க்கரை மாத்திரை தீர்ந்தும் வாங்காதது, ராத்திரி எழுப்புவார்களே என்று மாலைக்கு மேல் தண்ணீர் கொடுக்காதது, நனைந்த டயப்பரை மாற்றாமல் நாள் முழுக்க விடுவது. இதைச் செய்பவர்களில் பலர் தாங்கள் தப்பு செய்வதாகவே நினைப்பதில்லை. ஆனால் உடம்பு கெடுவதில் அடிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. 2007 சட்டமும் பராமரிப்பு என்றால் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் நான்கும் சேர்ந்தது என்றே சொல்கிறது.

2. பக்கத்து வீட்டுப் பாட்டி கையில அடிக்கடி ஊதா கலர்ல கன்னிப்போயிருக்கு. அடிச்சதா, வயசானதாலயா, எப்படித் தெரிஞ்சுக்கறது?

அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். வயதானவர்களின் தோல் மெலிந்துவிடும். இதய நோய்க்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு லேசாக இடித்தாலே முன்கையிலும் புறங்கையிலும் பெரிய திட்டாகக் கன்னிப்போகும்.

சந்தேகப்பட வேண்டியவை வேறு. இரண்டு புஜத்திலும் ஒரே மாதிரி விரல் பிடித்த தடம், மணிக்கட்டைச் சுற்றிக் கயிற்றுத் தடம், முகம், காது, கழுத்து, முதுகு, தொடையின் உட்பக்கம் ஆகிய இடங்களில் காயம். கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வது, காயம்பட்டுப் பல நாள் கழித்தே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, ஒவ்வொரு தடவையும் வேறு ஆஸ்பத்திரி தேடுவது ஆகியவையும் அப்படித்தான். படுக்கையில் இருப்பவர் என்றால் இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடம், இடுப்பின் இரு பக்கம், குதிகால் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதலில் புண் வருவது அங்கேதான். நன்றாகப் பார்த்துக்கொண்டும் படுக்கைப்புண் வருவது உண்டு. புண் நாறிக் கிடந்தும் டாக்டரிடம் காட்டாததுதான் புறக்கணிப்பு.

3. கேட்டா ‘ஒண்ணுமில்லப்பா, விழுந்துட்டேன்’னு சொல்லிடுறாங்க. எப்படித்தான் கேட்கறது?

தனியாக இருக்கும்போது கேளுங்கள். மகனோ மருமகளோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் அந்தப் பதில்தான் வரும், நீங்கள் போன பிறகு அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ‘உங்களைக் கொடுமைப்படுத்துறாங்களா?’ என்று கேட்காதீர்கள். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிற கேள்வி அது. ‘காலைல என்ன சாப்பிட்டீங்க? மாத்திரை யார் எடுத்துத் தராங்க? பென்ஷன் பணத்த யார் எடுக்கறாங்க? ராத்திரி பாத்ரூம் போகணும்னா யாரக் கூப்பிடுவீங்க? வீட்டுல யாரப் பார்த்தா பயமா இருக்கு?’ என்று அன்றாட விஷயமாகக் கேளுங்கள்.

ஒரே நாளில் சொல்லிவிட மாட்டார்கள். அடிக்கடி போய் வாருங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். காயத்தைப் போட்டோ எடுப்பதானால் அவரைக் கேட்டுவிட்டு எடுங்கள். அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். ஏன் என்பதை 16-ஆம் கேள்வியில் சொல்கிறோம்.

4. முதல்ல யாருக்குப் போன் பண்றது?

உயிருக்கு ஆபத்து, ரத்தம், மயக்கம் என்றால் 108. அடி விழுந்துகொண்டிருக்கிறது, வீட்டை விட்டுத் துரத்துகிறார்கள் என்றால் 100 அல்லது 112. அந்த அளவு அவசரமில்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் 14567. இது முதியோருக்கான தேசிய உதவி எண். காலை 8 முதல் இரவு 8 வரை எல்லா நாளும் இயங்கும், கட்டணம் இல்லை. அக்கம்பக்கத்தாரும் கூப்பிடலாம். ஆதரவற்றுத் தெருவில் கிடப்பவரைப் பற்றியும் இதே எண்ணில் சொல்லலாம். பாதிக்கப்பட்டவர் பெண் என்றால் 181-உம் உண்டு.

அடிபட்டவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் நடந்ததை நடந்தபடி சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ‘ஏ.ஆர். காப்பி’ என்பார்கள். ‘வழுக்கி விழுந்துட்டாங்க’ என்று ஒரு தடவை அதில் பதிந்துவிட்டால் பிறகு மாற்றிச் சொல்வதை நம்ப வைப்பது பெரும்பாடு. போலீசில் புகாரை எழுதியே கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனே போடாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். 60 வயது தாண்டிய ஆணையும், எந்த வயதுப் பெண்ணையும் விசாரணைக்குச் சாட்சியாக ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டில் வந்து விசாரிக்கச் சொல்லலாம்.

5. நான் புகார் கொடுத்தா என் பையன் ஜெயிலுக்குப் போயிடுவானே?

பெரியவர்களின் வாயை அடைத்து வைப்பது இந்த ஒரு பயம்தான், அதனால் விவரமாகச் சொல்கிறோம். பராமரிப்பு கேட்டுக் கொடுக்கும் மனு குற்ற வழக்கு இல்லை. கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அல்லது சார் ஆட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசும். தேவைப்பட்டால் சமரச அலுவலரிடம் அனுப்பும், அவர் ஒரு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும். பல மனுக்கள் ‘மாதம் இவ்வளவு தருகிறேன்’ என்று மகன் எழுதிக்கொடுப்பதோடு முடிகின்றன. சிறை என்ற பேச்சு வருவது, உத்தரவு வந்த பிறகும் காரணமில்லாமல் பணம் தராமல் இருந்தால்தான். அதுவும் அதிகபட்சம் ஒரு மாதம், பணத்தைக் கட்டினால் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

பெரியவரை எங்காவது கொண்டுபோய் நிரந்தரமாகக் கைவிட்டு வருவது வேறு விஷயம். அது 2007 சட்டத்தின் 24-ஆம் பிரிவில் குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதிலும் ஜாமீன் உண்டு. அடித்துக் காயப்படுத்தினால் வழக்கமான குற்றச் சட்டம் பாயும். எந்தக் கதவைத் தட்டுவது என்பதைப் பெரியவரே முடிவு செய்யலாம்.

6. மனு எங்க கொடுக்கணும்? வக்கீல் வைக்கணுமா?

கோட்டாட்சியர் அலுவலகத்தில். பெரியவர் இப்போது இருக்கும் ஊர், கடைசியாக இருந்த ஊர், பிள்ளை இருக்கும் ஊர் மூன்றில் எந்தக் கோட்டத்திலும் கொடுக்கலாம். அவரால் வர முடியாவிட்டால் அவர் அனுமதி கொடுத்த வேறு ஆளோ அமைப்போ கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும் அது கோட்டாட்சியருக்குத்தான் போகும். நேராகக் கொடுத்தால் அந்த நாட்கள் மிச்சம்.

மனுவோடு வயதுச் சான்று, இருப்பிடச் சான்று, பிள்ளைகள் ஒவ்வொருவரின் முழு முகவரி, வேலை, தெரிந்த அளவில் வருமானம், மருந்துச் செலவு ரசீதுகள், சொத்து எழுதிக்கொடுத்திருந்தால் பத்திர நகல் ஆகியவற்றை வையுங்கள். முகவரி தப்பாக இருந்தால் நோட்டீஸ் திரும்பி வந்துவிடும். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்துதான் 90 நாள் கெடு ஓடத் தொடங்கும் (சிறப்புக் காரணம் இருந்தால் ஒரே ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம்). எனவே முகவரி வரியில் கவனம் வையுங்கள். அதுவரை சாப்பாட்டுக்கு வழியில்லை என்றால் ‘இடைக்காலப் பராமரிப்பு’ வேண்டும் என்று மனுவிலேயே தனி வரியாகக் கேளுங்கள். கேட்காமல் விட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

வக்கீல் தேவையில்லை. வக்கீல் ஆஜராகக் கூடாது என்றே 17-ஆம் பிரிவு சொல்கிறது (கேரள, டெல்லி உயர் நீதிமன்றங்கள் வக்கீலை அனுமதித்திருக்கின்றன). பெரியவருக்காகப் பேச, பராமரிப்பு அலுவலரான மாவட்ட சமூக நல அலுவலரைக் கேட்கலாம். உத்தரவு திருப்தி இல்லை என்றால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

7. மாசம் எவ்வளவு வாங்கித் தருவாங்க? ஆர்டர் போட்டும் தரலைன்னா?

உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். பெரியவரின் தேவையையும் பிள்ளையின் வசதியையும் பார்த்து அதற்குள் முடிவு செய்வார்கள். உத்தரவிலிருந்து 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்றக் கோரி மனுக் கொடுங்கள். பணம் வரவேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ‘அடுத்த மாசம் தரேன்னான்’ என்று பாவம் பார்த்து ஆறு மாதம் காத்திருப்பவர்கள் பழைய பாக்கியை இழப்பது இப்படித்தான்.

10,000 போதாது, பிள்ளை நல்ல வசதி என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு) ஜீவனாம்சம் கேட்கலாம். அங்கே உச்சவரம்பு இல்லை, ஆனால் நாளாகும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

8. பொண்ணு மேலயும் மனு போடலாமா? மருமக மேல?

மகன், மகள், பேரன், பேத்தி எல்லோருக்கும் பொறுப்பு உண்டு, 18 வயது நிரம்பியிருந்தால் போதும். ‘கட்டிக்கொடுத்துட்டோம்’ என்பது சட்டத்தில் காரணமே இல்லை. ஒரு பிள்ளை மேல் மட்டும் மனுப் போட்டால் அவர் மற்றவர்களையும் சேர்க்கச் சொல்லலாம். மருமகனும் மருமகளும் இந்த வரையறைக்குள் இல்லை. அவர்களைச் சேர்க்க 2019-இல் ஒரு திருத்த மசோதா வந்தது, சட்டமாகவில்லை.

கொடுமை செய்வது மருமகள்தான் என்றால் மாமியாருக்குக் குடும்ப வன்முறைச் சட்டம், 2005 கைகொடுக்கும். அதில் எதிர்மனுதாரர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரியை உச்ச நீதிமன்றம் 2016-இல் நீக்கிவிட்டது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். மாமனாருக்கு இந்த வழி இல்லை, அவருக்குப் போலீஸ் புகார்தான்.

9. எங்க பெரியம்மாவுக்குப் பிள்ளைங்களே இல்ல. அவங்க யாரைக் கேட்கறது?

அவர் சொத்தை இப்போது அனுபவிப்பவர் அல்லது அவருக்குப் பின் வாரிசாக அடையப் போகிறவர் யாரோ, அந்த உறவினரைக் கேட்கலாம். பலர் இருந்தால் யாருக்கு எவ்வளவு பங்கோ அந்த விகிதத்தில் தர வேண்டும். சொத்தும் இல்லை என்றால் இந்த வழி அடைபடும். முதியோர் உதவித்தொகைக்கு வருவாய்த் துறையிலும், தங்க இடத்துக்கு 14567-இலும் கேளுங்கள்.

10. வீட்டைப் பையன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துட்டேன். இப்போ சோறு போட மாட்டேங்கறான். திரும்ப வாங்க முடியுமா?

பல நேரங்களில் முடியும். 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. மூன்று விஷயம் பொருந்த வேண்டும். எழுதிக்கொடுத்தபோது உங்களுக்கு 60 வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதியதாக இருக்க வேண்டும். ‘என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனையோடு கொடுத்திருக்க வேண்டும். இப்போது அவர் பார்க்கவில்லை என்றால், ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கியதாகவே சட்டம் எடுத்துக்கொண்டு, தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம்.

சிக்கல் மூன்றாவதில் இருக்கிறது. நம் ஊர்ப் பத்திரங்களில் ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்று மட்டும் எழுதிவிட்டு நிபந்தனையை விட்டுவிடுவார்கள். நிபந்தனை இருந்ததை நிரூபித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது. தீர்ப்பாயம் சொத்தை மீட்டு ஒப்படைக்கவும் உத்தரவிடலாம் என்றது. அந்த வழக்கில் பார்த்துக்கொள்வதாக மகன் தனியே எழுதிக்கொடுத்த உறுதிமொழிக் கடிதம் தாய்க்குக் கைகொடுத்தது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பும் பாசமும் என்று எழுதியிருப்பதிலேயே பார்த்துக்கொள்ளும் நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. ஆகவே பத்திரத்தில் வரி இல்லை என்று மனம் தளராதீர்கள். கடிதம், வாட்ஸ்அப் செய்தி, பேச்சுவார்த்தையில் இருந்த உறவினர் என்று கிடைப்பதையெல்லாம் திரட்டுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. நீங்களே சார்பதிவாளர் அலுவலகம் போய் ஒருதலையாக ரத்துப் பத்திரம் போடுவது பெரும்பாலும் செல்லாது, செலவுதான் மிஞ்சும். மகன் வீட்டை வேறு ஆளுக்கு விற்றுவிட்டால் மீட்பது பல மடங்கு கடினம். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மனுவிலேயே, விசாரணை முடியும்வரை விற்கவோ அடமானம் வைக்கவோ தடை கேளுங்கள்.

11. இன்னும் எழுதிக் கொடுக்கல. ‘எழுதிக் குடு, எழுதிக் குடு’ன்னு தினமும் சண்டை.

எழுதாதீர்கள். உயில் எழுதலாம், அதை உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம். செட்டில்மெண்ட் பதிவான அன்றே கைவிட்டுப் போகும்.

எழுதியே ஆக வேண்டும் என்றால் பத்திரத்தில் இரண்டு வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்று, உங்கள் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உங்களுக்கே உரிமை என்பது. இன்னொன்று, உணவும் இருப்பிடமும் மருத்துவமும் தந்து பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரத்தை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு என்பது. பத்திரம் எழுதுபவரிடம் நீங்களே தனியாகப் பேசுங்கள், அவருக்குப் பணம் கொடுப்பது மகனாகவே இருந்தாலும். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதோ, வீடு திரும்பிய முதல் சில நாட்களிலோ எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்காதீர்கள்.

12. வீடு என் பேர்லதான் இருக்கு. மகனையும் மருமகளையும் வெளிய அனுப்ப முடியுமா?

உங்கள் பாதுகாப்புக்கு அது தேவை என்று காட்டினால் தீர்ப்பாயம் வெளியேறச் சொல்லலாம். தானாகக் கிடைத்துவிடும் உரிமை இல்லை. மருமகளை அனுப்புவது கடினம். குடும்ப வன்முறைச் சட்டம் அவருக்கும் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை தருகிறது. மகனோடு சண்டை என்பதற்காக 2007 சட்டத்தை வைத்து அவரை வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. தாய் குடும்ப வன்முறைச் சட்டத்தில் போனால், 19-ஆம் பிரிவில் மகனை வெளியேற்ற மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பெண்களை வெளியேற்ற அந்தப் பிரிவில் இடமில்லை. குடித்துவிட்டு அடிக்கும் மகன்களின் தாய்மார்களுக்கு இதுதான் விரைவான வழி.

13. அப்பாவோட ஏடிஎம் கார்டு தம்பிகிட்ட இருக்கு. பென்ஷன் வந்த அன்னைக்கே எடுத்துடறான்.

அப்பாவை வங்கிக்குக் கூட்டிப்போய் கார்டை முடக்கி, பதிவான செல்போன் எண்ணையும் மாற்றுங்கள். எண்ணை மாற்றாமல் கார்டை மட்டும் முடக்கினால் புதுக் கார்டுக்கான ஓடிபி பழைய போனுக்கே போகும். கணக்கு ‘இருவரில் யாரும்’ எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்கா என்பதையும் பாருங்கள்.

நடக்க முடியாதவர் என்றால், 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே சேவை தரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கையெழுத்துப் போட முடியாதவர் இரண்டு சாட்சிகள் முன் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்கலாம். ஒரு சாட்சி வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும்.

14. அப்பாவுக்கு மறதி நோய். வெளிய போனா வழி தெரியாது. ரூம்ல பூட்டி வைக்கறது தப்பா? அவருக்காக நாங்க கையெழுத்துப் போடலாமா?

ஆள் இல்லாத வீட்டில் பூட்டிவிட்டு வேலைக்குப் போவது ஆபத்து. தீ, விழுதல், தாகம் எதற்கும் அவரால் உதவி கேட்க முடியாது. கட்டி வைப்பது அதைவிட மோசம். வாசல் தாழ்ப்பாளைக் கண்ணில் படாத உயரத்துக்கு மாற்றுங்கள், கதவில் மணி கட்டுங்கள், போன் எண் பொறித்த வளையத்தைக் கையில் போட்டுவிடுங்கள், தெருவில் கடைக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் போட்டோ காட்டிச் சொல்லி வையுங்கள். தூங்க வைக்க டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் மாத்திரை தருவதும் கொடுமைதான்.

சிகிச்சைக்கு, மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன்படி நியமனப் பிரதிநிதி (சிகிச்சை முடிவுகளில் துணை நிற்க அவரே குறிப்பிடும் ஆள்) இருக்கலாம். நோயின் தொடக்கத்தில், தெளிவு இருக்கும்போதே யார் என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். சொத்துக்கும் வங்கிப் பணத்துக்கும் அது போதாது. தெளிவு போன பிறகு எழுதி வாங்கும் பவர் பத்திரமும் நிற்காது. உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்து பாதுகாவலராக நியமனம் வாங்குவதுதான் வழி.

15. எங்க தெருவுல மனநிலை சரியில்லாத ஒருத்தரைச் சங்கிலி போட்டு வெச்சிருக்காங்க. வயசு நாப்பதுதான். இதுக்கு யாரைக் கேட்கறது?

2007 சட்டம் இவருக்குப் பொருந்தாது, வேறு சட்டங்கள் உண்டு. சங்கிலி போடுவதை மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். வீட்டில் இப்படி வைத்திருப்பதை யார் வேண்டுமானாலும் காவல் நிலையப் பொறுப்பாளரிடம் சொல்லலாம், அவர் மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை தர வேண்டும் (பிரிவு 101). தெருவில் அலைபவர் என்றால் போலீஸ் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர் என்றால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 7-ஆம் பிரிவில் நிர்வாக நடுவரிடம் யாரும் தகவல் தரலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழு அவருக்குச் சட்டப் பாதுகாவலரை நியமிக்கும். குடும்பத்தைக் குற்றவாளியாக மட்டும் பார்த்துக்கொண்டு போகாதீர்கள். மருந்துக்கு வழி தெரியாமல் சங்கிலியைத் தேடியவர்கள் நிறைய. மாவட்ட மனநலத் திட்ட டாக்டரிடம் போக வழி சொன்னால் பலர் அவர்களே சங்கிலியைக் கழற்றிவிடுவார்கள்.

16. பாட்டி ‘யார்கிட்டயும் சொல்லாதே’ன்னு கையப் பிடிச்சுக் கெஞ்சறாங்க. மீறிச் சொல்லலாமா?

தெளிவோடு இருக்கும் பெரியவரின் முடிவு அவருடையது. அடி வாங்கிக்கொண்டும் மகனோடு இருக்கவே விரும்புகிறேன் என்றால், அது நமக்குப் பிடிக்காவிட்டாலும், இழுத்துக்கொண்டு வர முடியாது. அப்போது செய்யக்கூடியது, போய் வருவதை நிறுத்தாமல் இருப்பது. 14567-ஐ மனப்பாடம் செய்ய வைப்பது, ஆதார், மருந்துச் சீட்டு, கொஞ்சம் பணத்தை அவர் நம்பும் ஒருவரிடம் கொடுத்து வைப்பது, மகன் குடித்துவிட்டு வந்தால் எந்த வீட்டுக்கு ஓடி வருவது என்று பேசி வைப்பது. 5-ஆம் கேள்விக்கான பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மறுப்பு பல நேரம் ஜெயில் பயத்தில் வருகிறது.

அவர் சொன்னாலும் கேட்கக் கூடாத நேரங்கள் உண்டு: உயிருக்கு ஆபத்து, பாலியல் கொடுமை, தெளிவில்லாத நிலை, மிரட்டலால்தான் மறுக்கிறார் என்று உறுதியாகத் தெரிவது. தென்மாவட்டச் சில ஊர்களில் தலைக்கூத்தல் (முடியாத பெரியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடுவது) என்று பேச்சு எழுந்தாலும் அப்படியே. ‘படுத்த படுக்கையா கஷ்டப்படறாங்க’ என்ற காரணம் சொன்னாலும், பெரியவரே தலையாட்டினாலும், அது சட்டப்படி கொலை. உடனே 100. கூடவே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலித்தணிப்புச் சிகிச்சைக்கு வீட்டுக்கே வருவார்கள்.

தகவல் சொன்னவர் மேல் வழக்கு வருமோ என்ற பயமும் உண்டு. பெண்ணுக்கு நடக்கும் குடும்ப வன்முறையை நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலரிடம் சொன்னவர்மேல் எந்த வழக்கும் வராது என்று சட்டமே சொல்கிறது.

17. நான்தான் மாமியாரப் பார்த்துக்கறேன். ராத்திரி தூக்கமே இல்ல. போன வாரம் கோபத்துல கையை ஓங்கிட்டேன். நானும் கொடுமைக்காரியா?

ஓங்கிய கை அடுத்த முறை அடித்துவிடும், அதனால் இப்போதே கேட்டது நல்லது. கோபம் வந்த நிமிடம் அவர் விழாதபடி படுக்க வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். பத்து நிமிடம் கழித்துப் போனால் ஒன்றும் ஆகாது.

பிறகு காரணத்தைப் பாருங்கள். ராத்திரி திரும்பத் திரும்ப எழுப்புகிறார் என்றால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, மாலையில் தரும் நீர் மாத்திரை இவற்றில் ஒன்று இருக்கலாம். டாக்டரைக் கேட்டு மாத்திரை நேரத்தை மாற்றினாலே பாதி இரவு மிஞ்சும். கணவரையும் நாத்தனாரையும் கூப்பிட்டு வாரத்தில் இரண்டு இரவாவது அவர்கள் முறை என்று எழுதியே முடிவு செய்யுங்கள். வர முடியாதவர் ஆள் வைக்கும் செலவைத் தரட்டும். 8-ஆம் பதிலில் சொன்னபடி, பொறுப்பு சட்டப்படி அவர்களுடையது. மனசு தாங்காத நேரத்தில் மனநல உதவி எண்ணான 14416-ஐக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.